மலைக்கு வந்த சட்டக் கல்வி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழாவில் ஏதேனும் ஒரு நல்ல விஷயத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். சமய விஷயம் பேச இங்கே என்னிலும் தகுதியுள்ள பெரியோர் பலர் வீற்றிருக்கின்றனர். நான் நுவரெலியாவில் ஒரு சட்டத்தரணியிடம் 30 வருடங்களுக்கு மேல் லிகிதராக இருந்தவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டு வாசலும் கட்டுக் கட்டாகக் கடதாசியுமே. ஆகவே நமது மலைநாட்டில் ஒரு காலத்தில் இருந்த சிறியதொரு சட்டத்துறையைப் பற்றிச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன். சமயத்தை விட்டு விலகிவிட்டான் என்று யாரும் குறை சொல்லாதிருக்கும் பொருட்டு, பெரிய புராணத்திலேயே தொடங்குகிறேன்.

சுந்தரமூர்த்தி நாயனாருடைய திருமணம் தடைப்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். புத்தூரிலே மணப்பந்தலில் ஒரு கிழவேதியர் வந்து நின்று, "இவன் என் அடிமை, இவனுடைய பாட்டன் எழுதித் தந்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்றார். நம்பியாரூரர் கோபங்கொண்டு ஓலையைப் பறித்துக் கிழித்துப் போட்டார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போயிற்று. அந்தச் சபையார் கிழவருடைய வயதுக்கும் மயங்கவில்லை, மாப்பிள்ளையின் கோலத்துக்கும் மயங்கவில்லை. வழக்கமாக நடந்துவரும் அனுபவம், எழுத்துப் பத்திரம், கண்டவர் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றையாவது காட்டும்படி கேட்டனர். கிழிபட்டது படியோலை, மூல ஓலை என் கையில் உண்டு என்று கிழவர் அதை எடுத்துக் கொடுத்தார். சபையார் பாட்டனுடைய வேறொரு கையெழுத்தை வருவித்து, இரண்டையும் ஒப்பு நோக்கி, அதன் பின்னரே தீர்ப்புச் சொன்னார்கள். வாதியாக வந்தவர் சாட்சாத் சிவபெருமான். அப்பெருமானே வந்தாலும் ஆவணத்தைக் காட்டித்தான் வழக்கை வெல்லவேண்டும் என்பது நம் சமயம் சட்டத்துக்குக் கொடுத்திருக்கும் மரியாதை.

இந்தக் கதையைச் சிறு வயதில் ஆலயத்தில் கேட்டபோது எனக்கு அது கதையாகவே இருந்தது. பின்னால், என் தகப்பனாரின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்த நாளில்தான் அதன் கருத்து எனக்கு உறைத்தது. அதைப் பின்னே சொல்கிறேன். முதலில் சட்டத்துறையின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டிலே சட்டம் படிக்க நெடுங்காலமாக ஒரே வழிதான் இருந்தது. கொழும்பு புதுக்கடையிலே, 1874ஆம் ஆண்டு முதல் சட்டக் கல்விச் சபையின் கீழ் நடந்துவரும் சட்டக் கல்லூரியே அது. அங்கே பயின்றோர் அத்துவக்காத்து என்றும் பிறக்கிராசி என்றும் இருவகையாகத் தொழில் செய்தனர். அந்தப் பேதம் 1974இல் ஒழிந்து, இன்று அனைவரும் சட்டத்தரணிகளே. சட்டக் கல்லூரி தொழிலைக் கற்றுக்கொடுத்தது. ஆனால் ஒரு சட்டம் ஏன் இப்படி இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது, அது நீதியானதா என்று கேட்டு ஆராய்வதற்கு ஒரு சர்வகலாசாலை வேண்டும்.

இலங்கைச் சர்வகலாசாலை 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி தோன்றியது. இன்று நாம் பல்கலைக்கழகம் என்கிறோம். அதன் முதல் உபவேந்தர் சேர் ஐவர் ஜெனிங்ஸ் தாமே ஒரு பெரிய அரசியலமைப்புச் சட்ட அறிஞர். சோல்பரி அரசியல் திட்டத்துக்கு அடிகோலிய யோசனைகளை வகுப்பதில் டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராக நின்றவரும் அவரே. அவர் காலத்தில், 1947இல், சட்டத்துக்கென ஒரு துறை கொழும்பில் ஆரம்பமாயிற்று. இரண்டு வருடங்களில் பேராதனையில் கட்டிடங்கள் எழும்பத் தொடங்கியதும், மகாவலிக் கரைக்கு முதன் முதல் அனுப்பப்பட்ட மாணவர் சட்டத் துறையாரும் விவசாயத் துறையாருமே. 1952இல் ஏனைய துறைகள் வந்து சேருமுன்னரே அங்கே சட்டப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

ஆக, இந்நாட்டுச் சர்வகலாசாலைச் சட்டக் கல்வி தவழ்ந்து நடை பழகிய இடம் மலைநாடு. 1965இல் அது மீண்டும் கொழும்புக்குப் போய், பின்பு தனியானதொரு சட்ட பீடமாக வளர்ந்தது. ஏறக்குறைய பதினாறு வருடம் மலையிலே இருந்தது.

நான் பணி செய்த சட்டத்தரணி ஐயா அங்கே பயின்றவர். மழை பெய்து கட்சிக்காரர் வராத மாலை வேளைகளில் அந்த நாட்களைப் பற்றிச் சொல்லுவார். மாணவர் தொகை சிறியது. ஆசிரியருக்கு ஒவ்வொருவருடைய பெயரும் தெரியும், யார் படிக்காமல் வந்தான் என்பதும் தெரியும் என்பார். மாணவர் எல்லாரும் விடுதிகளிலேயே தங்கினர். அவ்விடுதிகளில் ஒன்றுக்கு அருணாசலம் மண்டபம் என்றும், இன்னொன்றுக்கு இராமநாதன் மண்டபம் என்றும் பெயர். பெரியோர் சிலருக்கு இந்தப் பெயர்களின் பொருத்தம் விளங்கும். வாலிபர்களுக்காகச் சொல்கிறேன். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் உடன்பிறந்தோர், இருவரும் சட்டம் பயின்றோர், இருவரும் சைவர். கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லாற் புதுக்கியவர் இராமநாதன். இலங்கைக்கு ஒரு சர்வகலாசாலை வேண்டுமென்று 1906 முதல் இயக்கம் நடத்தியவர் அருணாசலம். அவரே 1919இல் தொழிலாளர் நலனுக்கென ஒரு சங்கம் அமைத்து, நமது தோட்டத் தொழிலாளரைத் 'துண்டு' என்ற கடனடிமை முறையிலிருந்தும், ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்ற கொடுமையிலிருந்தும் விடுவிக்கப் போராடினார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சட்டம் படித்த ஒருவர் சட்டத்தைக்கொண்டே நம் கழுத்துக் கயிற்றை அறுப்பதற்கு உதவினார் என்பதை நாம் மறக்கலாகாது.

அங்கே என்ன கற்பித்தார்கள்? நம் நாட்டுச் சட்டம் பல ஆறுகள் கலந்த கடல். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன் டச்சுச் சட்டம் பொதுச் சட்டமாக இருக்கிறது. வர்த்தகத்திலும் நீதிமன்ற நடைமுறையிலும் ஆங்கிலேயர் சட்டம் கலந்திருக்கிறது. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம், முஸ்லிம்களுக்கு இஸ்லாமியச் சட்டம், யாழ்ப்பாணத்தாருக்கு 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை. தேசவழமை தமிழர் சட்டமாயிற்றே, நமக்கும் உண்டா என்று கேட்பீர்கள். இல்லை. அது வட மாகாணத்து யாழ்ப்பாணத் தமிழருக்கே உரியது. மலைநாட்டுத் தமிழராகிய நமக்குச் சொத்து, சீதனம், உரிமை யாவற்றிலும் பொதுச் சட்டமே. இந்தச் சிறு வேறுபாடு தெரியாமல் காணிக் காரியத்தில் கால் இடறியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இத்துறைக்கும், பின்னர் பீடத்துக்கும் நெடுங்காலம் தலைமை தாங்கியவர் பேராசிரியர் தம்பையா நடராஜா. இந்தப் பல சட்டங்களும் எவ்வாறு ஒரே நாட்டில் வந்து கூடின என்பதைச் சரித்திர முறையில் ஆராய்ந்து 1972இல் அவர் வெளியிட்ட நூல் இன்றும் மாணவர் தேடும் நூல். அத்துறையில் கற்று 1953இல் பட்டம் பெற்ற லக்ஷ்மன் கதிர்காமர் பின்னாளில் இந்நாட்டின் வெளிநாட்டமைச்சரானார். அங்கே பயின்ற சாவித்திரி குணசேகர சட்டப் பேராசிரியராகி, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும் விளங்கினார். ஒரு பெண் சட்டம் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்பவர் இச்சபையில் எவரேனும் இருந்தால், இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளவேண்டுகிறேன்.

கற்பித்த முறையையும் ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். 1928இல் ஸ்கொத்லாந்திலே ஒரு பெண்மணி ஒரு கடையில் ஜிஞ்சர் பியர் குடித்தார். போத்தலுக்குள்ளே அழுகிய நத்தை இருந்ததென்றும், அதனால் தாம் நோயுற்றதாகவும் வழக்கிட்டார். போத்தலுக்குக் காசு கொடுத்தவர் அவருடைய சிநேகிதி. ஆகவே அவருக்கும் உற்பத்தி செய்தவருக்கும் எவ்வித ஒப்பந்தமும் இல்லை. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் கடமை உண்டா? லண்டன் பிரபுக்கள் சபை 1932இல் உண்டு என்று தீர்ப்பளித்தது. என் செய்கையால் யார் பாதிக்கப்படக்கூடும் என்று நான் நியாயமாக நினைத்துப் பார்க்கவேண்டுமோ, அவர் என் அயலார், அவருக்கு நான் தீங்கு செய்யலாகாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். சட்ட மாணவர்கள் இப்படி ஒரு சிறு சம்பவத்தைக் கையில் எடுத்து, அதற்குள் இருக்கும் பெரிய நியாயத்தைத் தேடிப் பழகுகிறார்கள்.

இனி, அன்பர்களே, என் தகப்பனாரின் தகரப் பெட்டிக்கு வருகிறேன்.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவரை என்ன செய்தது என்பது பெரியோருக்குத் தெரியும். இலங்கையிற் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்துச் சனங்கள் பூட்டன் பிறந்ததற்கு அத்தாட்சிப் பத்திரத்தை எங்கே போய்த் தேடுவது? 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் செய்யலாம் என்றார்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. முடிவில் உரிமை கிடைத்தவர் சுமார் 1,34,000 பேர்.

என் தகப்பனாரும் 1951இல் விண்ணப்பித்தார். அவரிடம் அனுபவம் இருந்தது. பிறந்தது முதல் அவர் இந்த மலையை விட்டு அசைந்ததில்லை. சாட்சியும் இருந்தது. பெரட்டுக் களத்தில் நின்ற நூறு பேரும் சாட்சி. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் கேட்ட மூன்றில் இரண்டு அவரிடம் இருந்தன. 1955இல் விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் வந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் எவருக்கும் வாசிக்கத் தெரியாது. தோட்டத்தில் வாசித்துச் சொல்லக்கூடிய ஒருவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்து கடிதத்தைப் பிரித்தபோது, விசாரணைத் திகதி கடந்து ஒன்பது நாளாயிற்று. விண்ணப்பம் தள்ளுபடியாகிவிட்டது.

எனக்கு அப்போது ஐந்து வயது. அதன் விளைவை என் 38ஆவது வயது வரை அனுபவித்தேன். எந்த நாட்டுக்கும் உரியவனல்லாத ஒருவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை, வாக்கு இல்லை, பிரயாணக் கடவுச்சீட்டு இல்லை. ஒருவரையும் குறை சொல்ல இதை நான் சொல்லவில்லை. கடிதம் அனுப்பியவர் தம் கடமையைச் செய்தார். வாசிக்கத் தெரிந்தவருக்கு லீவு எடுக்க உரிமை உண்டு. குறை எங்கே என்றால், அந்தக் கடிதம் என் தகப்பனாரின் மடியில் கிடந்த அதே நாட்களில், ராகலையிலிருந்து ஒரு பகல் பஸ் பிரயாணத் தூரத்தில், பேராதனையிலே பிரஜாவுரிமையைப் பற்றியும் அரசியல் திட்டத்தைப் பற்றியும் மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு பாலம் இல்லை. சட்டக் கல்வி மலைக்கு வந்தது, லயத்துக்கு வரவில்லை.

பாலம் போட முயன்ற ஒரு வழக்கும் உண்டு. சோல்பரி அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கும் மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று சொன்னது. அந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு, கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியிலே வாக்காளர் இடாப்பில் தம் பெயர் இல்லையென்று கோடகன் பிள்ளை என்பவர் வழக்கிட்டார். முதலில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1951இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 1953இல் லண்டனிலே பிரிவி கவுன்சிலும் அவருக்கு எதிராகத் தீர்த்தது. தன் பிரஜைகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான அதிகாரம் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. 1947இல் நம்மவர் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலைநாடு, 1952 தேர்தலில் பெரும்பாலும் வாக்கற்று நின்றது.

வாலிப அன்பர் ஒருவர் சென்ற கூட்டத்தில் என்னைக் கேட்டார்: "ஐயா, சட்டமே நம்மை நாடற்றவராக்கியது, உச்ச மன்றமும் கைவிட்டது. பின் எதற்காக நம் பிள்ளைகள் சட்டம் படிக்கவேண்டும்?" கேட்கவேண்டிய கேள்வியே. அதற்கு மூன்று மறுமொழி சொல்கிறேன்.

ஒன்று. சட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாய்வதில்லை. 1937இல் மடுல்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை பழகவந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய வாலிபர், தொழிலாளர் பக்கம் நின்று பேசினார் என்பதற்காக, அவரை நாடு கடத்த ஆள்பதி கட்டளையிட்டார். சட்டத்தரணி எச். வி. பெரேரா வாதாட, மூன்று நீதியரசர் கொண்ட உயர் நீதிமன்றம் அக்கட்டளை செல்லாதென்று விடுதலை செய்தது. ஆள்பதியின் கையைக் கட்டியது சட்டந்தான்.

இரண்டு. சட்டத்தால் பறிபோனது சட்டத்தாலேயே திரும்பி வந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவர் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாருக்குப் போன ரயிலை நம் சனங்கள் 'அழுகைக் கோச்சி' என்று அழைத்ததை இங்குள்ள தாய்மார் அறிவார்கள். என் சிற்றப்பாவை அந்தக் கோச்சியில் ஏற்றிவிட்டு வந்தவன் நான். ஆயினும் 1986, 1988, 2003 ஆகிய ஆண்டுகளில் வந்த சட்டங்கள் கட்டங் கட்டமாக எஞ்சியோருக்கு உரிமை தந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு சத்தியக் கடதாசி முடித்து நான் பிரஜையானேன். 1964 ஒக்டோபர் முதல் இங்கேயே வசித்தவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜைகளாக ஏற்றது. அந்தச் சட்டங்கள் தாமாக வரவில்லை. அரசியல் தலைவர்கள் போராடினார்கள், தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தார்கள், சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எழுதுவதற்குச் சட்டம் தெரிந்தோர் துணை நின்றார்கள். போராட்டம் கதவைத் தட்டும், அந்தக் கதவைச் சட்டென்று மூடிவிடாதபடி சட்டம் தாழ்ப்பாளைப் பிடிக்கும்.

மூன்றாவது மறுமொழிதான் முக்கியமானது. பெரிய வழக்குகள் நூற்றாண்டுக்கு ஒன்று வரும். சிறு கஷ்டங்கள் தினமும் வருகின்றன. காந்தியடிகள் தென்னாபிரிக்காவில் இளம் வக்கீலாக இருந்த 1894ஆம் ஆண்டிலே, பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலித் தொழிலாளி எசமானிடம் அடிபட்டு, முன்பல் உடைந்து, இரத்தம் தோய்ந்த ஆடையுடன் அவரிடம் வந்து நின்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், வெள்ளையர் முன் அப்படித்தான் நிற்கவேண்டும் என்ற பழக்கத்தினாலே. காந்தி முதலில் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பிறகு வைத்தியரிடம் கூட்டிப்போய் அத்தாட்சி வாங்கி, நீதவானிடம் போய், அந்த எசமானிடமிருந்து அவரை வேறிடத்துக்கு மாற்றிவைத்தார். அந்த வழக்கால் உலகம் தலைகீழாகவில்லை. ஆனால் ஒரு மனிதன் தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டான்.

நம் பக்கத்துப் பாலசுந்தரங்களை நான் கோட்டு வாசலில் பார்த்திருக்கிறேன். பிறப்பு அத்தாட்சியில் பெயர் பிழைபட்டதால் ஓய்வு காலப் பணம் எடுக்க முடியாத கிழவி. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 முதல் இருக்கிறது, ஆனால் அடையாள அட்டையில் 'மாரியாயி', செக்ரோலில் 'மாரியம்மா'. புருஷன் இறந்தபின் நட்ட ஈடு உண்டென்று தெரியாமல் போன இளம் விதவை. 7 பேர்ச் காணியில் வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வந்ததா என்று கேட்கத் தெரியாத குடும்பம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யவேண்டும் என்று அரசியல் திட்டத்தின் 126ஆம் உறுப்புரை சொல்கிறது. ஒரு மாதம் என்பதை அறியாமல், மூன்றாம் மாதம் வந்து அழுதவர்களுக்கு நான் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். இவர்களுக்கெல்லாம் ஒன்பது நாள் முந்திக் கடிதத்தை வாசித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அப்படி ஒருவரை எங்கே உண்டாக்குவது? இன்று வழிகள் பெருகியிருக்கின்றன. கொழும்பிலே சட்ட பீடம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை இருக்கிறது. பேராதனையிலும், பழைய துறை கொழும்புக்குப் போய்ப் பல வருடங்களுக்குப் பின்னர், சட்டத்துறை மீண்டும் அமைந்து பட்டம் தந்துவருகிறது. மலையை விட்டுப் போன விளக்கு மலைக்கே திரும்பி வந்திருக்கிறது. உயர்தரப் பரீட்சையில் எந்தப் பிரிவில் கற்றவரும் சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வெட்டுப்புள்ளி மாவட்ட வாரியாக வருவதால், கொழும்புப் பிள்ளையோடு மட்டும் ஓடவேண்டியதில்லை. வேலை செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்குத் திறந்த பல்கலைக்கழகம் நுழைவுப் பரீட்சை வைத்துச் சட்டப் பட்டப் படிப்பை நடத்துகிறது. தமிழ் மொழியிலும் அதைக் கற்கலாம். பட்டம் பெற்ற பின் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளையும் தொழிற் பயிற்சியையும் முடித்துச் சத்தியப்பிரமாணம் செய்தால் சட்டத்தரணி. ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை: சட்ட நூல்களும் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்கிய குடும்பத்தின் கதையை இப்போதுதான் சொன்னேன். பயப்படாமல் படியுங்கள்.

இப்பொழுது பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்தேன்.

நம் தோட்டங்களில் ஒன்றிலே கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்த ஒரு பெண்பிள்ளை இவ்வாண்டு சட்டம் படிக்கத் தெரிவாகியிருக்கிறாள். பெயர் சொல்லமாட்டேன், சபையிலே கூச்சப்படுவாள். பல்கலைக்கழகத்திலே படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சாப்பாடும் புத்தகமும் பஸ் காசும் இலவசமல்ல. மூத்தவள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனால் மாதா மாதம் காசு வரும் என்று வீட்டில் ஒரு பேச்சு. பெண்பிள்ளையைத் தனியே அனுப்பலாமா என்று இன்னொரு பேச்சு. வீட்டு வேலைக்குத் தனியே அனுப்பத் துணிந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தனியே அனுப்ப ஏன் அஞ்சவேண்டும் என்று நான் கேட்டேன். பதில் வரவில்லை.

நம் சங்கத்திடம் மண்டபக் கூரைக்காகச் சேர்த்த நிதி இருக்கிறது. கூரை ஒழுகுவது உண்மை. போன மார்கழியில் திருவெம்பாவைக்கு வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அந்த நிதியை முழுவதும் கேட்கவில்லை. கூரை வேலையை இரண்டு கட்டமாகச் செய்வோம், முதற் கட்டத்தில் மிஞ்சுவதை ஒரு கல்வி நிதியாக வைத்து, சட்டமோ வைத்தியமோ எதுவோ, ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளைக்கு நான்கு வருடம் கை கொடுப்போம் என்கிறேன். ஆண்டவன் சந்நிதியின் பணத்தை வேறு வழியில் செலவிடுவதா என்று பெரியோர் தயங்கக்கூடும். அந்த ஆண்டவனே ஓர் ஓலையைக் கையில் ஏந்திச் சபையேறி வழக்குப் பேசியவர் என்பதை நினைவூட்டுகிறேன். அவருக்கு இது விரோதமாகத் தோன்றாது.

அந்தப் பிள்ளைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. படித்து முடித்துக் கறுப்பு அங்கி போட்டபின், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மண்டபத்தில் வந்து உட்காரவேண்டும். யாருடைய வீட்டிலாவது வாசிக்கப்படாத கடிதம் இருந்தால் வாசித்துச் சொல்லவேண்டும். அவ்வளவே வட்டி.

என் தகப்பனாரின் தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. உள்ளே அந்த ஆங்கிலக் கடிதமும் இருக்கிறது. நான்காய் மடித்து மடித்து நடுவிலே கிழிந்துவிட்டது. அவள் பட்டம் பெற்று வரும் நாளில் அதை அவளிடம் கொடுத்து, முதன்முதலாக அதையே வாசித்துக் காட்டச் சொல்ல எண்ணியிருக்கிறேன். அந்நாள் வரை நான் இருக்க முருகப்பெருமான் அருள் புரியவேண்டும்.